கிளிபோட் தந்த காணி

மல்வேர்ன், ரொறொன்ரோ
2 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசு மரி சூசை துணை. இங்கே நானும் உங்கள் மச்சான் பஸ்ரியனும் பனிக்குள் புதைந்தபடி சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமா? இடது காது இன்னும் இரைகிறதா? போனில் உங்களோடு கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். ஷெல் கெடுத்த அந்தக் காதால் இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். பஸ்ரியன் விடிய முன்னமே பிறம்ரனுக்கு ட்ரக் எடுக்கப் போய்விடுவார். வீட்டில் பேச ஆளில்லை. அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பராமரிக்கப் போகும் வீடுகளில் ஒன்று கிளிபோட் என்ற வெள்ளைக்காரக் கிழவருடையது. ஏரிக்கரையில் உயரமான மண்மேட்டின் விளிம்பில் வீடு. ஒவ்வொரு வசந்தத்திலும் அவருடைய தோட்டத்தில் ஒரு துண்டு இடிந்து தண்ணீருக்குள் விழும். மனிதர் தொழிலில் நில அளவையாளர். ஊராரின் காணியெல்லாம் அளந்து கொடுத்தவர், தன் காணி கரைவதைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன கிழமை என்னிடம், உனக்குச் சொந்தக் காணி உண்டா என்று கேட்டார். உண்டு, கடற்கரையோடு நல்ல காணி, உறுதிப்பத்திரமும் கையில் இருக்கிறது, சுற்றிக் கடற்படைக்காரரின் வேலிதான் நிற்கிறது, கிட்டப் போக முடியாது என்றேன்.  பிறகு கட்டிலின் கீழிருந்து ஒரு தோல் குழாயை எடுக்கச் சொன்னார். "இதுவும் போக முடியாத காணிதான். நீ வைத்துக்கொள்" என்றார்.

உள்ளே ஆட்டுத்தோலில் லத்தீன் எழுத்து. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு புல்நிலத்துக்கு எழுநூறு வருடத்துக்கு முன் எழுதிய உறுதியாம். அந்த ஊரைக் கடல் எப்போதோ விழுங்கிவிட்டது. ஆனாலும் தோல் மட்டும் கை மாறி மாறி வந்திருக்கிறது. வைத்திருந்த ஒவ்வொருவரும் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார்கள். கடைசியில் கிளிபோட்டின் பெயர்.

வாடிக்கையாளரிடம் ஒன்றும் வாங்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். மறுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இனி என்னால் நடக்க முடியாது" என்றார். அவர் நடந்தே இரண்டு வருடமாகிறது, இதென்ன புதுக்கதை என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன்.

நீங்கள் குருவானவராகி மறைமாவட்டத்து மணநீக்க வழக்குகளில் கலியாணங்களைக் குலைக்கும் லத்தீனையே படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒருமுறை தங்கச்சிக்காக நல்ல லத்தீன் படியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் போட்டோக்கொப்பி எடுத்து ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஆசீர் வேண்டும்,
மலர்


மன்னார்
24 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி மலருக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்கள் இருவரோடும் இருப்பதாக. நான் சுகம். காது வழக்கம்போல. அதனால் பாவசங்கீர்த்தனம் கேட்பதில் எனக்குச் சிரமம், சொல்பவர்களுக்குச் சுகம். நீண்ட வரிசை நிற்கிறது.

உன் தோலைப் படித்தேன். மணநீக்க வழக்குகளில் அமிழ்ந்து கிடந்தவனுக்கு இது விருந்து. எழுதியவன் சுருக்கெழுத்துக்காரன், பாதிச் சொல்லை எழுதி மீதியை வாசிப்பவன் தலையில் போட்டிருக்கிறான். தமிழில் இப்படி வரும்:

"இதைக் காண்போரும் கேட்போரும் அறிக. உவர்க்கரையிலுள்ள இரண்டு ஏக்கர் புல்நிலம், அதன் ஈரத்தோடும் நாணலோடும், தச்சன் வால்ட்டருக்கும் அவன் கையிலிருந்து இதைப் பெறுவோருக்கும் என்றென்றைக்கும் உரியது. வடக்கெல்லை மரம், கிழக்கெல்லை கடல்வரம்பு, தெற்கெல்லை கிணறு, மேற்கெல்லை சிலுவை. ஆண்டவர் விண்ணேறிய திருநாளுக்கு முதல்நாள், இதை வைத்திருப்பவர் எல்லை சுற்றி நடந்து, தனக்கு முன் வைத்திருந்தோரைப் பெயர் சொல்லி அழைப்பாராக."

எங்கள் உறுதிகளில் நாலு எல்லையும் கிணறும் பனையும் சொல்வதில்லையா, அதே சங்கதிதான். இதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. கொப்பியில் தெளிவில்லை. விட்டுவிடு.

ஒன்று மட்டும். பின்பக்கத்தில் உன் பெயரை எழுதவேண்டாம். எழுதிவிட்டாயா என்று உடனே தெரிவி.

அன்புடனும் ஆசீருடனும்,
அண்ணா


மல்வேர்ன்
20 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தடிமனும் இருமலும், அவ்வளவுதான்.

கிளிபோட் போய்விட்டார். காலையில் நான்தான் கண்டேன். கதிரை வெறுமையாக இருந்தது. தோட்டத்தின் கடைசி மூலையில், ஏரிக்கு மேலே இருக்கும் வேலியைப் பிடித்தபடி நின்றார். நின்றபடியே இறந்திருக்கிறார், அண்ணா. இரண்டு வருடம் எழும்பாத மனிதர். தோட்டம் முழுவதும் பனி உறைந்து கிடக்க, அவருடைய கால் மட்டும் சாம்பல்நிறச் சேற்றில் தோய்ந்திருந்தது. அம்புலன்ஸ்காரரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெயர் எழுதாதே என்றீர்கள். அதற்குள் எழுதிவிட்டேன். கையில் வாங்கிய உறுதியில் பெயர் இல்லாமல் வைத்திருக்க நாங்கள் என்ன விசரா? ஆனால் என் பெயரை மட்டும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் எந்தக் காணி ஒருவர் பெயரில் இருந்தது? அப்பா கண் மூடும்போதும் "ரெண்டு பிள்ளையளுக்கும் பிரிக்காத காணி" என்றுதானே சொன்னார். அதனால் மூத்தவர் உங்கள் பெயர் முதலில், அதன் கீழ் என் பெயர். இனி நீங்களும் இங்கிலாந்தில் காணிக்காரர்.

தோலைப் பைக்குள் வைத்திருக்கிறேன். எந்தப் பை என்று உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்த நாளில் தொடங்கிய பழக்கம். உறுதி, பிறப்புச் சாட்சி, கடவுச்சீட்டு எல்லாம் போட்டுக் கதவடியில் தொங்கவிடுவது. இத்தனை வருடமாகியும் ஓடுவதற்குத் தயாராகத்தான் இருக்கிறோம். பஸ்ரியன் பார்த்துவிட்டு, "உதுக்குள்ள இங்கிலாந்துக் காணியுமோ? இனி அந்த ராசாவுக்கும் வரி கட்டப்போறீரோ?" என்று கேலி செய்கிறார்.

பையின் அடி ஈரமாக இருக்கிறது. ஏழாம் மாடியில் எங்கிருந்து ஈரம் வரும் என்று தெரியவில்லை.

அன்புடன்,
மலர்


மன்னார்
9 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும். அதைத்தான் இன்று முழுவதும் மன்றாடினேன்.

அது தோல், கடதாசியல்ல. புதுச் சவர அலகு ஒன்றை எடுத்து மெதுவாகச் சுரண்டினால் மை போய்விடும். அந்தக் காலத்து எழுத்தர்களும் பிழையை அப்படித்தான் அழித்தார்கள். உன் பெயரைச் சுரண்டிவிடு. என் பெயரைத் தொடாதே, அது அப்படியே இருக்கட்டும். சுரண்டியபின் தோலை எனக்கு அனுப்பு.

எல்லை நடக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நடக்கவும் வேண்டாம், அந்தப் பெயர்களைச் சத்தமாக வாசிக்கவும் வேண்டாம்.

காரணம் கேட்காதே.

அண்ணா


மல்வேர்ன்
2 மே 2025

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். சுகமா?

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சியின் பெயரை அழி, என் பெயரை விடு, உறுதியை எனக்கு அனுப்பு. இதை வேறு யாரும் எழுதியிருந்தால் நீங்களே அவனைப் பிரசங்கத்தில் கிழித்திருப்பீர்கள். செத்த ஊரின் செல்லாக்காணிதானே என்று நினைத்துச் சிரித்துவிட்டிருப்பேன். ஆனால் சித்தப்பாவின் மகன் நிசாந்தன் போன் எடுத்தான். "அக்கா, நேவி எங்கட பக்கத்தை விடப்போகுதாம். அண்ணை அரசாங்கக் கச்சேரிக்கும் உறுதி எழுதுற நொத்தாரிசிட்டையும் போய் வாறார். காணி ஆரின்ர பேரில மாத்துறதெண்டு கேட்டவராம். உங்களுக்குச் சொல்லேல்லையே?" என்றான்.

எனக்குச் சொல்லவில்லை. இப்போதுதான் விளங்குகிறது, ஆட்டுத்தோலில்கூட என் பெயர் உங்களுக்கு ஏன் இடைஞ்சல் என்று. நான் ஓடிப்போனவள், நீங்கள் நின்று காத்தவர், அதுதானே கணக்கு? எனக்குச் சீதனமாகச் சொன்ன காணி அது. நான் கேட்டுச் சண்டை பிடித்ததில்லை. பிரிக்காத காணியாகவே இருக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

என் பெயரை நான் சுரண்டமாட்டேன்.

வீட்டிலும் நிம்மதியில்லை. பை தொங்கும் சுவர் நனைந்து ஊறுகிறது. தண்ணீர்க்குழாய்க்காரர் இரண்டு தரம் சுவரைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே குழாயே இல்லை என்று சொல்லிவிட்டார். அலுமாரிக்குள் உப்பு வாசம். காலையில் வாசற்காலடியில் நரைத்த புல் முளைத்திருந்தது. பிடுங்கி எறிந்தேன். மறுநாளும் இருந்தது.

மலர்


மன்னார்
30 மே 2025

அன்புத் தங்கச்சி மலருக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உன் கோபம் வந்து சேர்ந்தது. கையெழுத்துக்கூடச் சிவந்திருந்தது. நல்லது, கோபப்படும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாய்.

நேற்று விண்ணேற்றத் திருநாள். முந்தின நாள் பின்நேரம், நானே சொன்னபடி, கோவில் வளவைச் சுற்றி நடந்தேன். கொப்பியைப் பார்த்துப் பெயர்களைச் சொன்னேன். வால்ட்டர், ஆலிஸ், தோமஸ், இன்னொரு தோமஸ் என்று கிளிபோட் வரை. கிணற்றடியில் எப்போதும் படுத்திருக்கும் நாய் எழும்பிப் போய்விட்டது. இதுவரை திரும்பி அந்த இடத்தில் படுக்கவில்லை. போனில் உன் குரலையே பிடிக்காத இந்தக் காது, சேற்றுக்குள் கால் வைக்கும் சத்தத்தைக் கேட்டது. வயசு. விடு.

இனி உன் குற்றச்சாட்டு. நீ சொன்னது சரி. எனக்கு அது வேண்டும். தனியாக, என் பெயரில் மட்டும் வேண்டும். முப்பது வருடம் இங்கே நின்றவன் நான். குருவானவனுக்கும் ஆசை உண்டு என்று வைத்துக்கொள். உன் பெயரைச் சுரண்டித் தோலை அனுப்பு. அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

சுவர் காய்ந்ததா என்று மட்டும் எழுது.

அண்ணா


மல்வேர்ன்
24 யூன் 2025

வணக்கத்துக்குரிய சூசைதாசன் அடிகளாருக்கு,

கேட்டது இத்துடன் வருகிறது. பதிவுத்தபாலில் அனுப்புகிறேன், வழியில் தொலைந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு என்பீர்கள்.

என் பெயரைச் சுரண்டிவிட்டேன். பஸ்ரியனின் சவர அலகு ஒன்று வீணாகியது. "மலர்" இருந்த இடம் இப்போது வெறும் வெள்ளைத் தோல். உங்கள் பெயர் அழகாக, தனியாக இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு சுகமாக இருங்கள்.

சுவர் காய்ந்துவிட்டது.

அருள்மலர்


மன்னார்
26 யூலை 2025

அன்புள்ள அருள்மலர் அக்காவுக்கு,

உங்கள் துயரத்தில் எங்கள் கன்னியர் மடம் முழுவதும் பங்குகொள்கிறது. போனில் அழுகைக்குள் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் செலீன், பங்கில் மறைக்கல்வி பார்க்கும் சிஸ்ரர்.

பாதர் யூலை பதினெட்டாம் திகதி காலைப் பூசைக்கு வரவில்லை. கோவில் வளவின் வடகிழக்கு மூலையில் அவரைக் கண்டோம். மதிலில் சாய்ந்தபடி நின்றார், முகம் வெளிப்பக்கம் பார்த்தபடி. தூரத்திலிருந்து யாரையோ எதிர்பார்த்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். வெள்ளை அங்கி முழங்கால்வரை நனைந்து சாம்பல்நிறச் சேறாக இருந்தது. இங்கே மழை பெய்து மாதக்கணக்காகிறது. அந்தச் சேறு ஐஸ்போலக் குளிர்ந்ததை நானே தொட்டுப் பார்த்தேன்.

டொக்டர் இருதயம் என்றார். தைமாதமே இன்னும் சில மாதங்கள்தான் என்று சொல்லியிருந்தாராம். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று எங்களிடம் வாக்கு வாங்கியிருந்தார். மன்னியுங்கள்.

இத்துடன் ஓர் உறுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்க் காணியில் தன் பங்கு முழுவதையும் பாதர் உங்கள் பெயருக்கு எழுதி முடித்திருக்கிறார். அதற்காகத்தான் நொத்தாரிசிடம் அலைந்தவர். "தங்கச்சிக்கு இப்ப தெரியவேண்டாம், சிஸ்ரர். அவ இப்ப என்னோட கோவமா இருக்கிறதுதான் நல்லது" என்றார். ஏன் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய செபப்புத்தகத்துக்குள் ஒரு பழைய தோல் இருந்தது. தன்னோடு பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். கைகளுக்குக் கீழே வைத்தோம். இறப்பதற்கு முதல்நாள் உங்களுக்கு ஒரு கடிதமும் தந்தார், அன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். கிடைத்திருக்கும்.

செபத்தில் உங்களோடு,
செலீன்


மல்வேர்ன்
18 ஓகஸ்ட் 2025

அன்புள்ள சிஸ்ரர் செலீனுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். மற்றபடி கேட்காதீர்கள். அண்ணாவின் கடிதம் இன்னும் வரவில்லை. நான் கடைசியாக அவருக்கு எழுதியது உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்கு இப்படி அன்பாக எழுதமாட்டீர்கள். அந்த உறுதியைப் பார்க்கும்போதெல்லாம் என் கையை வெட்டவேண்டும்போல இருக்கிறது.

நேற்று இங்கே முப்பத்தோராம் நாள் பூசை கொடுத்தேன். பிராயச்சித்தமாக ஒன்று செய்தேன். அந்தத் தோலின் பின்பக்கத்துக் கொப்பி என்னிடம் இருந்தது. நினைப்பார் யாருமில்லாத ஆன்மாக்கள் அல்லவா என்று, வால்ட்டரிலிருந்து கிளிபோட் வரை எல்லாப் பெயரையும் எழுதி, கடைசியில் அண்ணாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். மன்றாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார்கள்.

சிஸ்ரர், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்வாசல் கதவு ஒருமுறை திறந்து மூடியது. சப்பாத்துக்குள் தண்ணீர் நின்றால் நடக்கும்போது வருமே, அந்தச் சத்தம் சுவரோரமாகப் போய் ஓர் இடத்தில் நிற்கும். பிறகு அடுத்த பெயர். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாக அண்ணாவின் பெயரை வாசித்தபோது, பிரசங்கம் தொடங்கமுன் அவர் மெதுவாகத் தொண்டையைச் செருமுவாரே, அது எனக்குப் பின்னால் கேட்டது.

எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷத்தில் அழுதேன். அண்ணா வந்தார். என்னை மன்னித்துவிட்டார்.

பூசை முடிந்து, கோவில் துப்புரவாக்குபவர் நாலு சுவரோரமும் சேறு என்று ஏசிக்கொண்டு நின்றார். நானே துடைத்துக் கொடுத்தேன். இனி மாதம் தவறாமல் இந்தப் பெயர்களை வாசிக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆன்மாக்களின் மாதமான நவம்பர் முழுவதும் நீங்களும் அங்கே அண்ணாவின் பெயரை வாசிப்பியுங்கள்.

அன்புடன்,
அருள்மலர்


மன்னார்
17 யூலை 2025

என் மலர்க்குட்டிக்கு,

நீ சுகமா? இந்த ஒருமுறை பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

தோல் கிடைத்தது. உன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மிகவும் சுத்தமாகச் சுரண்டியிருக்கிறாய். நீ கோபத்தில் எழுதிய கடிதத்தை மேசையில் என் முன்னால் வைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் எனக்கு வந்த கடிதங்களில் அதுதான் நல்லது.

கடைசி வரி தெளிவில்லை என்று எழுதினேன். பொய். முதல்நாளே தெளிவாக வாசித்தேன். இதுதான் அது: "மரம் விழும், கிணறு தூரும், சிலுவை சாயும், வரம்பைக் கடல் தின்னும். அப்போது, இக்காணியைக் கையில் வைத்திருந்தோர் இறந்தபின் அதன் எல்லையாக நிற்பார்கள், அவர்கள் பெயர் அழைக்கப்படும் காலமெல்லாம்."

பழைய காலத்துப் பயமுறுத்தல் என்றுதான் எண்ணினேன். கிளிபோட் நின்றபடி இறந்ததை நீ எழுதியபிறகு அப்படி எண்ண முடியவில்லை. விண்ணேற்றத்துக்கு முதல்நாள் பெயர் சொன்னபோது வந்தார்கள். வளவைச் சுற்றி, ஆளுக்கு ஓர் இடத்தில். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லை வெளியே பார்த்துத்தானே நிற்கும். அவர்கள் கெட்டவர்களல்ல, மலர். களைத்தவர்கள். ஆலிஸ் என்ற கிழவி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். எழுநூறு வருடமாக ஒருதரம் குந்தியிருக்க விடப்படாதவள். "போ அம்மா" என்று சொன்னேன். அழைத்தது நானே, நான் சொல்லி எப்படிப் போவாள்?

இரண்டு பெயரையும் சுரண்டியிருக்கலாமே என்று கேட்பாய். தோல் யார் கையில் இருக்கிறதோ அவருடையது காணி. யாராவது ஒருவர் அதைத் தன்னோடு மண்ணுக்குள் கொண்டுபோகவேண்டும். என் இருதயம் இந்த வருடத்தைத் தாண்டாது என்று டொக்டர் தையிலேயே சொல்லிவிட்டார். எப்படியும் போகிறவன், போகிற வழியில் இதையும் கொண்டுபோகிறேன். உன் பெயர் அதில் இல்லை. அதுபோதும்.

இனி உன்னிடம் ஒரேயொரு வேண்டுகோள். எங்கள் சனம் தாங்கமுடியாத ஒன்றைக் கேட்கிறேன். என் பெயரை வாசிப்பிக்காதே. எட்டாம் நாள் பூசை வேண்டாம், முப்பத்தோராம் நாள் வேண்டாம், நவம்பர் வேண்டாம். அவர்கள் பெயரும் வேண்டாம். கொப்பியை எரித்துவிடு. செத்தவரைப் பெயர் சொல்லி மன்றாடுவது அன்பு என்று படித்தவர்கள் நாங்கள். இந்தக் காணிக்காரருக்கு அது தோளில் கைவைத்து எழுப்புவது. ஒரு விண்ணேற்றத் திருநாள் யாரும் அழைக்காமல் கடந்துபோனால், அவர்கள் படுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். நானும்.

என்னை மனதில் வைத்திரு. வாயில் வைக்காதே.

அண்ணா


மல்வேர்ன்
12 செப்டெம்பர் 2025

அன்புள்ள சிஸ்ரர் செலீனுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் நவம்பருக்கு முன் உங்கள் கையில் கிடைக்கவேண்டும் என்று மன்றாடி எழுதுகிறேன். போனிலும் சொல்வேன். ஆனால் எழுத்தில் இருந்தால்தான் நீங்கள் மற்றவர்களுக்குக் காட்டலாம்.

நீங்கள் தபாலில் போட்ட கடிதம் இந்தக் கிழமைதான் வந்தது. அவர் வீட்டு இலக்கத்தைப் பிழையாக எழுதியதால், கீழ்மாடியில் ஒருவரிடம் கிடந்திருக்கிறது. அவர் விடுமுறையில் போயிருந்தாராம். பூசைக்கு முன் அது கிடைத்திருந்தால் என்று நினைத்து நினைத்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் போனார். படுக்கப் போனவர்களை நான்தான் எழுப்பினேன். வரிசையாக, ஒருவரும் தப்பாமல், அவரையும் சேர்த்து.

இங்கே பூசைகளை நிறுத்திவிட்டேன். பங்குக் கந்தோரில் இருந்த பெண், "ஏன் அன்ரி, உங்கட அண்ணாவுக்குத்தானே?" என்று கேட்டாள். அண்ணனோடு கோபம் என்று சொன்னேன். கொப்பியைக் குசினித் தொட்டிக்குள் போட்டு எரித்தேன். நீங்களும் அங்கே அவருடைய பெயரை எந்தப் பூசையிலும் வாசிக்க விடாதீர்கள். நவம்பரில் சேமக்காலையில் கல்லறைகளை மந்திரிக்கும்போதும் வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கல்லில் பெயர் வெட்டச் சொல்லியிருந்தேன், வெட்டவேண்டாம். வெறுங்கல்லாக நிற்கட்டும். இந்தக் கடிதத்தில் ஓர் இடத்திலும் அவர் பெயரை நான் எழுதவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அடுத்த விண்ணேற்றத் திருநாள் மே மாதம். அதுவரைக்கும் பொறுக்கவேண்டும். கடற்படைக்காரர் காணியை விட்டாலும் அதுவரை நான் ஊருக்கு வரமாட்டேன். அந்தக் காணியைக் கண்டால் என் வாய் என்னையறியாமல் அவரைக் கூப்பிட்டுவிடும்.

இன்று காலை பஸ்ரியனுக்கு லீவு. கோப்பியோடு பல்கனியில் நின்றவர் என்னைக் கூப்பிட்டார். கீழே கார்கள் நிறுத்தும் இடம் முழுவதும் மூடுபனி. அதன் ஓரத்தைச் சுற்றி, ஆளுக்கு ஓர் இடத்தில், எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கிழவி காலை மாற்றி மாற்றி வைக்கிறாள். கிளிபோட் வேலியைப் பிடித்திருக்கிறார். எங்கள் பக்கத்து மூலையில், மற்றவர்களைவிடக் கிட்ட, வெள்ளை அங்கியோடு ஒருவர். தலையை வலப்பக்கம் சரித்து, நல்ல காதை எங்கள் பல்கனிக்குக் கொடுத்தபடி நிற்கிறார். யாரோ கூப்பிடுவதைக் கேட்கக் காத்திருப்பவர் அப்படித்தான் நிற்பார்.

"உங்க பாரும்" என்றார் பஸ்ரியன். "அந்த மூலையில நிக்கிறவரை எங்கயோ கண்ட மாதிரிக் கிடக்கு. கூப்பிட்டுப் பாப்பமே?"

நான் அவருடைய வாயைப் பொத்தினேன். என் வாய்க்குள் அந்தப் பெயர் முட்டிக்கொண்டு நின்றது. ஒருமுறை கூப்பிட்டால் போதும், சிஸ்ரர், அந்த முகத்தைப் பார்த்துவிடலாம். என்னை மன்னியுங்கள் என்று சொல்லிவிடலாம்.

"ஆரப்பா அது?" என்று பஸ்ரியன் திரும்பவும் கேட்டார்.

"தெரியாத ஆள்" என்று சொல்லி, கதவைச் சாத்தினேன்.

மலர்